தக்காளிக்குக் கேள்வி உண்டு, காருக்கு இல்லை

"கீரைக்காரம்மாகிட்ட அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசுறீங்க. மால்ல பாப்கார்னுக்கு முந்நூறு ரூபாய் வாயைத் திறக்காம கொடுக்குறீங்க. வெட்கமா இல்லையா?"

இந்த ஃபார்வர்டு அடிக்கடி ஏதாவது ஒரு குடும்ப குரூப்பில் வந்து விழும். வீடியோவாக வந்தால் பின்னணியில் சோக வயலின் வேறு. எல்லோரும் கைகூப்பும் பொம்மை போடுவோம். மறுநாள் காலை இருபது ரூபாய்க் கீரைக்கட்டு மறுபடி பதினைந்துக்குத்தான் கேட்கப்படும்.

அந்த ஃபார்வர்டை எழுதியவர் மார்க்கெட் பக்கம் போனதில்லை என்பது என் சந்தேகம். இருபது என்று சொல்லும்போதே பதினைந்துக்குத் தயாராகத்தான் அந்தம்மா சொல்கிறார். வேண்டாம் என்று திரும்பினால் "இந்தா பாப்பா, எடுத்துட்டுப் போ" என்று ஒரு கொத்து கொத்தமல்லியும் சேர்த்துப் போடுவார். அது அவருக்கும் தெரிந்த ஆட்டம். ஆனால் எனக்கு எரிச்சல் வருவது இதற்காக மட்டும் இல்லை. "நீங்க, நீங்க" என்று ஒரே ஆளைப் பிடித்துக்கொண்டு திட்டுகிறதே, கீரைக்குப் பேரம் பேசுகிறவரும் பாப்கார்னுக்கு முந்நூறு கொடுக்கிறவரும் ஒரே ஆள்தானா? பெரும்பாலான வீடுகளில் கிடையாது என்பதுதான் நான் சொல்லவருவது.

ஒரே ஆளிடமும் இந்தக் கோணல் உண்டு என்பதை மறுக்கவில்லை. 1981ல் டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் ஒரு கேள்வி கேட்டுப் பார்த்தார்கள். கால்குலேட்டர் விலை 15 டாலர். இருபது நிமிடம் வண்டி ஓட்டிப் போனால் அதே கடையின் இன்னொரு கிளையில் 10 டாலர். போவீர்களா? 68 சதவீதம் பேர் போவோம் என்றார்கள். இதையே 125 டாலர் கால்குலேட்டர் அங்கே 120க்குக் கிடைக்கிறது என்று மாற்றிக் கேட்டபோது, போவோம் என்றவர்கள் 29 சதவீதம்தான். இரண்டிலும் மிச்சமாவது அதே 5 டாலர், அலைச்சலும் அதே இருபது நிமிடம்.

நம் ஊரிலும் இதுதான் நடக்கிறது. திருச்சி தில்லைநகரிலிருந்து காந்தி மார்க்கெட் வரை ஸ்கூட்டரில் போய் வெங்காயத்தில் கிலோவுக்குப் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பார்கள். அந்த ஸ்கூட்டரை வாங்கிய அன்று பில்லில் "ஹேண்ட்லிங் சார்ஜ்" என்று ஆயிரத்துச் சொச்சம் ஏறியிருந்தால் அது என்ன என்று கேட்கத் தோன்றியிருக்காது. லட்ச ரூபாய்க்குப் பக்கத்தில் நிற்கும்போது ஆயிரம் ரூபாய் சில்லறையாகத் தெரிகிறது. ஆன்லைனில் டெலிவரி கட்டணம் முப்பது ரூபாயைத் தவிர்க்க அறுபது ரூபாய்க்கு ஒரு சிப்ஸ் பாக்கெட்டைச் சேர்த்துப் போடுவதும் இந்த ரகம்தான்.

நகைக்கடைக்கு வருவோம். தங்கம் வாங்குவதை ஊதாரித்தனம் என்று சொல்கிற ஆள் நான் இல்லை. வீடும் நிலமும் அப்பா பேரிலோ புருஷன் பேரிலோ இருக்கிற நாட்டில், ஒரு பெண் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பக்கூடிய சொத்து அது ஒன்றுதான். ஆனால் சேதாரம் சொத்து இல்லை. கணக்குக்கு வசதியாகக் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நிஜ விலை அதைத் தாண்டிப் போய்விட்டது. ஐந்து பவுன் ஆரம், 40 கிராம், 4 லட்சம். சேதாரம் 14 சதவீதம் போட்டால் 56,000. ஏறக்குறைய அதே வேலைப்பாடு பெரிய கடை வீதியில் நாலு கடை தள்ளி 10 சதவீதத்துக்குக் கிடைத்தால் 40,000. வித்தியாசம் 16,000 ரூபாய். கீரைக்காரம்மாவிடம் தினம் அஞ்சு ரூபாய் வீதம் ஒரு நாள் விடாமல் குறைத்தாலும் வருஷத்துக்கு 1,825 ரூபாய்தான் தேறும். அந்தப் பதினாறாயிரத்தைக் கீரையில் பிடிக்க ஏறக்குறைய ஒன்பது வருஷம் வேண்டும்.

சேதாரம் என்பது ஆசாரி அராவும்போதும் உருக்கும்போதும் உதிர்ந்து போகிற பொடிக்காக வந்த கணக்கு. இப்போது இயந்திரத்தில் செய்த செயினுக்கும் அதே தலைப்பில் பணம் வாங்குகிறார்கள். அதற்கும் சேர்த்து 3 சதவீதம் ஜிஎஸ்டி. பிறகு விற்கப் போனால் சேதாரத்தில் ஒரு பைசா திரும்பாது. தங்கம் சுத்தமா என்று பார்க்க வழி இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் ஹால்மார்க் நகையில் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளக் குறியீடு (எச்யூஐடி) கட்டாயம், போனிலேயே சரிபார்க்கலாம். சேதாரம் எவ்வளவு என்பதைக் கடைதான் முடிவு செய்கிறது. அங்கே நாம் பேசும் பேரத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். "பார்த்துப் போடுங்க தம்பி" என்போம். அவர் கால்குலேட்டரோடு மேனேஜரிடம் போய் வருவார். "உங்களுக்காக 13 பண்ணியிருக்கோம் மேடம்." அதற்குள் ரோஸ் மில்க் வந்துவிடும், கிளம்பும்போது ஒரு துணிப்பையும் காலண்டரும். வெற்றியோடு வீடு திரும்புவோம். பதினாலு சதவீதம் என்றால் எத்தனை ரூபாய் என்று அந்த ஏசிக்குள் உட்கார்ந்து யாரும் கேட்பதில்லை. சதவீதத்திலேயே பேசி முடித்துவிடுவதில் கடைக்கும் லாபம், நமக்கும் மனக்கஷ்டம் இல்லை.

கரண்ட் விஷயம் இன்னொரு விதம். "ரூம்ல ஆளில்லாம லைட் எரியுது பாரு" என்று அப்பாக்கள் இன்றும் கத்துகிறார்கள். 60 வாட் குண்டு பல்பு இருந்த காலத்தில் அந்தக் கத்தலுக்கு அர்த்தம் இருந்தது. பதினேழு மணி நேரம் எரிந்தால் ஒரு யூனிட். இன்றைய 9 வாட் எல்இடி ஒரு யூனிட்டைத் தின்ன நூறு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 2,000 வாட் கீசர் அதே யூனிட்டை அரை மணியில் முடித்துவிடும். கீசரைப் போட்டுவிட்டுப் போன் பேசப் போகிறவரை யாரும் கத்துவதில்லை. நம் ஊர் பில்லில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் விலைப்பட்டியலே மாறிவிடும்; அந்தக் கோட்டைத் தாண்டவைப்பது ஏசியும் கீசரும்தான், ஹாலில் மறந்துபோன பல்பு இல்லை. பொருள் மாறிவிட்டது, கத்தல் மட்டும் பழைய பொருளுக்கே போய்க்கொண்டிருக்கிறது.

இதுவரை சொன்னது மனுஷ மூளையின் கோளாறு, யாருக்கும் வரும். இனிமேல்தான் விஷயம்.

நான் ஆடிட்டர் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவள். கடைகளின் கணக்குப் புத்தகத்தில் நித்தம் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. டீ வாங்கிய நாற்பது ரூபாய்க்கு வவுச்சர் இருக்கும், பையனின் கையெழுத்து இருக்கும். ஆட்டோவுக்குப் போன எண்பது ரூபாய்க்கு எங்கிருந்து எங்கே, யார் அனுப்பியது என்ற விவரம் இருக்கும். இரண்டு வரி தள்ளி முதலாளி எடுத்த மூன்று லட்சம் இருக்கும். அதற்கு வவுச்சர் கிடையாது. "டிராயிங்ஸ்" என்று ஒற்றை வார்த்தை. எதற்கு என்று கேட்டால், "அது நம்ம சொந்த விஷயம்மா" என்பார். அவர் பணம், அவர் எடுக்கிறார், சட்டப்படி தப்பே இல்லை. ஆனால் அந்தக் கடை சரிவில் போகும்போது அவர் முதலில் வெட்டுவது டீச்செலவை.

வீட்டிலும் இதே புத்தகம்தான் ஓடுகிறது. மளிகை, பால், கேஸ், காய்கறி எல்லாம் பெண் கையில்; அதற்கு தினம் கேள்வி உண்டு. "போன மாசம் எட்டாயிரம் போதுமானதா இருந்துச்சே, இந்த மாசம் எப்படிப் பத்தாச்சு?" "தக்காளி அறுபதா? அங்க நாப்பதுதான்னு சொன்னாங்களே." கார் வாங்கும்போது இந்தக் கேள்விகள் எங்கே போகின்றன? ஷோரூமுக்குப் போகும் வழியில் பெட்ரோல் வண்டி டீசல் வண்டி ஆகும், கீழ் மாடல் மேல் மாடல் ஆகும். "ஒண்ணரை லட்சம்தானே வித்தியாசம், இஎம்ஐல பார்த்தா மாசம் ரெண்டாயிரத்துச் சொச்சம்தான்" என்பார்கள். அந்த மாசம் ரெண்டாயிரம் மளிகைக் கணக்கில் கூடினால் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. எல்லா வீடும் இப்படி இல்லை, சம்பாதிக்கும் பெண்கள் இருக்கும் வீட்டிலும் மாறியிருக்கிறது என்பீர்கள். கொஞ்சம் மாறியிருக்கிறது. ஆனால் அங்கேயும் பெண் சம்பளத்தில் அரிசியும் ஸ்கூல் ஃபீசும் போகும், ஆண் சம்பளத்தில் லோன் போகும். பத்து வருஷம் கழித்துச் சொத்து என்று ஏதாவது இருந்தால் அது லோன் கட்டியவர் பேரில் இருக்கும்.

கீரையில் மிச்சமான அஞ்சு ரூபாய் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிறுவாடு. அரிசி டிரம்மில், உளுந்து டப்பாவில், பழைய புடவை மடிப்பில். புருஷனின் பர்ஸிலிருந்து திருடியது போல அதை வைத்து ஜோக் அடிப்போம். கேள்வி கேட்கப்படாமல் செலவு செய்ய அவளுக்கு இருந்த ஒரே பணம் அதுதான் என்பது அந்த ஜோக்கில் வராது. 2016 நவம்பர் 8 ராத்திரி பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு வந்தபோது எத்தனையோ டப்பாக்கள் திறந்தன. எங்கள் அம்மாவின் உளுந்து டப்பாவும் திறந்தது. "இவ்வளவு வச்சிருந்தியா?" என்று அப்பா முதலில் சிரித்தார். பிறகு அந்தப் பணம் வங்கிக்குப் போனது, வங்கியிலிருந்து அண்ணனின் பைக் முன்பணத்துக்குப் போனது. பல வருஷத்துக் கடுகும் மிளகாயும் ஒரு பைக்கின் முன்சக்கரம் ஆயிற்று. அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டாலும் கொடுத்திருப்பாள், அது வேறு.

2023 செப்டம்பர் 15 அன்று மகளிர் உரிமைத் தொகை தொடங்கி மாதம் ஆயிரம் ரூபாய் பெண்கள் கணக்கில் விழ ஆரம்பித்தபோதும் இதைத்தான் கவனித்தேன். "அந்த ஆயிரத்தை என்ன பண்ணுதுங்க?" என்று டீக்கடை தொடங்கி டிவி விவாதம் வரை ஆராய்ச்சி. சீட்டுக் கட்டினாளா, புடவை வாங்கினாளா, பியூட்டி பார்லர் போனாளா? அரசியலாக அந்தத் திட்டத்தை எதிர்க்க ஆயிரம் காரணம் இருக்கலாம். ஆனால் செலவை ஆராய வேண்டும் என்று தோன்றுவது ஏன் எப்போதும் சின்னத் தொகையிடம், அதுவும் பெண் கையில் இருக்கும்போது?

கல்யாணத்தைச் சொல்லாமல் விட முடியாது. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி மாதத்தில் மொய் விருந்து வைப்பார்கள். யார் எவ்வளவு போட்டார் என்று ரூபாய் பிசகாமல் நோட்டில் இருக்கும். நாம் திருப்பிச் செய்ய வேண்டிய கணக்கும் அப்படியே இருக்கும். அந்த நோட்டை வைத்துத் தலைமுறை தாண்டியும் கணக்கு நேர் செய்வார்கள். நம் கல்யாணங்களிலும் மொய் நோட்டு பீரோவில் பத்திரம். ஆனால் அந்தக் கல்யாணத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆனது என்று எழுதிய நோட்டு யார் வீட்டிலாவது இருக்கிறதா? "பதினஞ்சு இருக்கும்... இருபதுக்குள்ள முடிஞ்சிருக்கும்" என்று வானத்தைப் பார்த்துச் சொல்வார்கள். அஞ்சு லட்சம் அந்த இழுவைக்குள் மறைந்துவிடும். டிரோன் கேமரா யார் சொன்னது, அந்த இரண்டாவது ஐஸ்கிரீம் கவுண்டர் யார் சேர்த்தது, தெரியாது. மாமா சொன்னார், சித்தப்பா தலையாட்டினார், முடிந்தது. பந்தியில் வாழை இலை மிச்சமானதற்கு மட்டும் சமையல்காரரோடு சண்டை நடந்திருக்கும்.

"வட்டியில்லா தவணை"யும் இந்தக் குடும்பம்தான். பூஜ்ய வட்டி என்ற பேரில் வட்டியை மறைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளிடம் சொல்லிவிட்டது. இன்று கடையில் காட்டுவது, மொத்தமாகப் பணம் கட்டினால் கிடைத்திருக்கும் தள்ளுபடியை விட்டுக்கொடுத்து வாங்குவது. ப்ராசஸிங் கட்டணம் தனி, கிரெடிட் கார்டு தவணை என்றால் வட்டிப் பகுதிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. ஆயிரக்கணக்கில் போகும் இதைப் படிக்க அலுப்பு. மளிகை பில்லில் இரண்டு தடவை அடித்துவிட்ட சோப்பு மட்டும் உடனே கண்ணில் படுகிறது.

சிக்கனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அரிசி கழுவின தண்ணியைச் செடிக்கு ஊற்றுகிற வீட்டில் வளர்ந்தவள், அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. எனக்கு வேண்டியது அந்தக் கேள்விகள் கொஞ்சம் மேலே ஏற வேண்டும் என்பதுதான். தக்காளி விலையை விசாரிக்கிற அதே குரலில் லோன் பேப்பரையும் விசாரியுங்கள். கடையில் சேதாரத்தைச் சதவீதத்தில் சொன்னால் "ரூபாய்ல சொல்லுங்க" என்று கேளுங்கள். கேட்டவுடன் அந்தத் தம்பியின் முகம் மாறுவதைப் பார்க்கவாவது கேளுங்கள். மளிகை நோட்டு எழுதச் சொல்கிறவர் அதே நோட்டின் பின்பக்கத்தில் தன் செலவையும் எழுதட்டும். இதை எங்கள் வீட்டில் சொன்னபோது, "அதெல்லாம் எனக்கு மனசுலயே இருக்கு" என்று பதில் வந்தது. சரி, மனசிலிருந்து சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன் என்று நோட்டை எடுத்தேன். பேச்சு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டது.

கமெண்டில் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பாப்கார்ன் விலையைப் பற்றித் திட்ட வேண்டாம், அதற்கு ஃபார்வர்டு இருக்கிறது. உங்கள் வீட்டில் கடைசியாக நடந்த பெரிய செலவு, அது யார் முடிவு, அதற்கு முன்னால் யாராவது ஒரு கேள்வியாவது கேட்டார்களா? அதை மட்டும் எழுதுங்கள். ஆண்களும் எழுதலாம்.