"யாருங்க அவரு?" என்று கேட்கிறவர்களுக்கு

பிரிவைப் பற்றி நாலு வரி எழுதி முகநூலில் போட்டால் முதலில் வந்து விழுகிற கேள்வி "யாருங்க அவரு?" என்பதுதான். வரி நன்றாக இருக்கிறதா, எங்கேயாவது இழுக்கிறதா, பஸ் ஸ்டாண்டை எதற்கு உள்ளே கொண்டுவந்தாய், இதெல்லாம் யாருக்கும் வேண்டாம். யாரு, அது மட்டும் தெரிய வேண்டும். கேட்டுவிட்டுக் கூடவே கண்ணடிக்கிற பொம்மை ஒன்றையும் போட்டுவிடுகிறார்கள். நாம் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு சிரிக்க வேண்டுமாம்.

நான் கல்யாணமானவள். பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறான். வீட்டுக்காரருக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமை ராத்திரி வந்து திங்கள் விடியற்காலை கிளம்பிவிடுவார். இப்படி இருக்கிற ஒருத்தி காதல் தோல்விக் கவிதை எழுதினால் தருமபுரியில் அதற்கு அர்த்தம் ஒன்று பழைய கதை, இல்லையென்றால் புதுக் கதை. பாலக்கோட்டில் இருக்கும் பெரியம்மா முகநூலில் இல்லை, ஆனால் அவர் மருமகள் இருக்கிறாள், அது போதாதா? கவிதை போட்ட மறுநாள் காலையிலேயே அம்மாவுக்குப் போன் வந்துவிடும். "பாப்பாவுக்கு என்னாச்சு, மாப்பிள்ளை நல்லாத்தானே வெச்சிருக்காரு?" அம்மா உடனே என்னைக் கூப்பிட்டு, "உனக்கு எழுதறதுக்கு வேற எதுவும் கிடைக்கலையா, முருகர் மேல நாலு பாட்டு எழுதேன்" என்பார். வீட்டுக்காரர் மட்டும் இதுவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவர் கவிதையே படிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

போன மாதம் போட்டது இது:

ஓசூர் வழி பெங்களூரு பஸ்
நீ ஏறிய பிறகும்
பத்து நிமிடம் நின்றது.
பேச நேரம் இருந்தது.
யாருக்கோ சில்லறை பாக்கி
என்ற சத்தத்தோடு
விசில் கேட்டு
வண்டி கிளம்பியது.

இதற்கு வந்தவற்றில் பாதிக்கு மேல் "ஆழமான வரிகள்", "வலி", உடைந்த இதயம், நெருப்பு. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்துகொண்டு வருகிற ஆள் ஒரு இதயத்தைத் தட்டிவிட்டுப் போவதே பெரிய விஷயம். மீதியில்தான் துப்பறியும் வேலை. "பெங்களூரா? ஐடி ஆளா?", "2011 பேட்ச்தானே, எனக்குத் தெரியும் யாருன்னு", "பழசை நினைக்காதீங்க சிஸ்டர், குடும்பத்தைப் பாருங்க." இதில் கடைசியாகச் சொன்னவர் யாரென்றே எனக்குத் தெரியாது. என் குடும்பத்தை நான் பார்க்கவில்லை என்று இவரிடம் யார் சொன்னது?

இந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படிக் கேட்பதுதான் எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. அகப்பாட்டில் யாரையும் சுட்டிப் பெயர் சொல்லக்கூடாது என்று தொல்காப்பியமே விதி போட்டு வைத்திருக்கிறது. தலைவன், தலைவி, தோழி, செவிலி, அவ்வளவுதான். பெயர் வந்துவிட்டால் அதை அகத்தில் சேர்க்கவே மாட்டார்கள். கபிலர் ஆண்பிள்ளை. அவர் குறுந்தொகையில் ஏமாந்து நிற்கிற ஒரு பெண்ணாகப் பேசுகிறார். அன்றைக்கு அங்கே வேறு யாருமே இல்லை, அவன் பொய் சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன், ஆரல் மீனுக்காகக் காத்து நின்ற ஒரு குருகுதான் சாட்சி என்கிறாள் அவள். கபிலரிடம் போய் "உங்களைக் கைவிட்டது யாருங்க?" என்று யாராவது கேட்டிருப்பார்களா? நம்ம தகடூர் (தருமபுரியின் பழைய பெயர்) அதியமானோடு இருந்த ஔவையும் அதே தொகையில் எழுதியிருக்கிறார். என் நோய் தெரியாமல் நிம்மதியாகத் தூங்குகிற இந்த ஊரை நான் முட்டட்டுமா, அடிக்கட்டுமா, ஓவென்று கத்தட்டுமா என்று ஒரு பெண் கேட்கிற பாட்டு. அதைப் பள்ளியில், கல்லூரியில் நடத்துகிறோம், மார்க் போடுகிறோம். பக்கத்துத் தெருப் பெண் எழுதினால் மட்டும் அவள் வீட்டு அட்ரஸ் வேண்டியிருக்கிறது.

சரி, ஊர் பேசத்தான் செய்யும். ஊரார் பேச்சை எருவாகவும் அம்மாவின் திட்டைத் தண்ணீராகவும் வைத்துக்கொண்டு இந்த நோய் வளர்கிறது என்று வள்ளுவரே ஒரு குறளில் சொல்லிவிட்டார். அந்தக் கணக்கில் எனக்குப் பெரியம்மா எரு, அம்மா தண்ணீர், இரண்டுக்கும் பஞ்சமே இல்லை.

ஆனால் சிரித்துவிட்டுப் போக முடியாத பக்கமும் இருக்கிறது. நம்ம மாவட்டத்தில் "யாரு" என்பது அதோடு நிற்கிற கேள்வி இல்லை. அடுத்தது "எந்த ஊரு", அதற்கு அடுத்தது "ஊருக்குள்ளயா, காலனியா". எங்கே போய் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். 2012 நவம்பரில் ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைச் சாக்காக வைத்து நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் தலித் மக்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். அடுத்த வருஷம் ஜூலையில், அந்தக் கல்யாணம் செய்துகொண்ட பையன் தண்டவாளத்து ஓரம் பிணமாகக் கிடந்தான். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். காலேஜ் பஸ்ஸில் யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதுகூட அந்தச் சமயத்தில் மாறிப்போனது. வாயைத் திறந்து யாரும் எதுவும் சொல்லவில்லை, தானாக மாறியது. அதைப் பார்த்த எனக்கு, என் கவிதைக்குக் கீழே ஒருவர் விளையாட்டாக ஒரு பெயரை எழுதிவிட்டுப் போனால் சிரிப்பு வருவதில்லை. பெயர் போட்ட கமெண்ட்டைப் பார்த்த உடனே தூக்கிவிடுவேன். போட்டவர் எவ்வளவு வேண்டியவராக இருந்தாலும் சரி, அப்புறம் "ஏங்க டெலிட் பண்ணீங்க" என்று கோபித்துக்கொண்டாலும் சரி.

அதேபோல உடனே தூக்குவது, "பொண்ணுங்களே இப்படித்தான் பாஸ், நம்ப வெச்சுக் கழுத்தறுப்பாளுங்க" வகையறா. எழுதியது ஒரு பெண், கவிதையில் போனது ஆணா பெண்ணா என்றே இல்லை, ஏறிப் போனது அக்காவாகவோ பெற்ற மகளாகவோகூட இருக்கலாம். இவர்களுக்கு அதெல்லாம் கண்ணில் படுவதில்லை. எங்கோ வாங்கிய அடிக்கு வைவதற்கு ஒரு சுவர் வேண்டும், அன்றைக்கு என் பக்கம் கிடைத்துவிட்டது. ஒருவரிடம் பொறுமையாகக் கேட்டேன், தம்பி, இந்தக் கவிதையில் யார் யாரை ஏமாற்றியது, எந்த வரியில் இருக்கிறது, காட்டுங்கள் என்று. பதில் வரவில்லை, பிளாக் செய்துவிட்டுப் போய்விட்டார்.

இன்பாக்ஸ் கதை தனி. அது பெரும்பாலும் ராத்திரி பதினொரு மணிக்கு மேல்தான் திறக்கும். ஓசூரில் ரூம் எடுத்துத் தங்கி வேலை பார்க்கிற பையன்கள், ஹாஸ்டல் பெண்கள், சில சமயம் என் அம்மா வயதுப் பெண்கள். "அக்கா, இது எனக்கே எழுதின மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்து முழுக் கதையையும் சொல்லிவிடுவார்கள். படிப்பேன், காலையில் இரண்டு வரி பதில் போடுவேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து யாருக்கும் காட்ட மாட்டேன், கேட்காமல் கவிதையாக்கவும் மாட்டேன். ஆனால் சாவைப் பற்றி ஒரு வார்த்தை வந்துவிட்டால் காலை வரை வைத்திருப்பதில்லை. உடனே பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு அவர்களை எழுப்பச் சொல்லுவேன், 14416, 104 இரண்டு நம்பரையும் அனுப்புவேன். 14416 டெலி மானஸ், மனநல உதவிக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம். 104 நம் மாநிலத்து மருத்துவ உதவி எண், அதிலும் ஆலோசனை சொல்லுவார்கள். கவிதை எழுதத் தெரிந்த ஒரே காரணத்துக்காக நான் அந்த வேலையைக் கையில் எடுத்துக்கொள்ள முடியாது. இதைப் படிக்கிற மற்ற கவிஞர்களும் தயவுசெய்து இந்த நம்பர்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். சோகக் கவிதைக்கு லைக் வாங்குகிற எல்லோருக்கும் ஒருநாள் அந்த மெசேஜ் வந்தே தீரும்.

பெயர் போடாமல் எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்கிறவர்களிடம் நான் சண்டைக்குப் போவதில்லை. அழுகிற கண்ணும் காய்ந்த ரோஜாவும் போட்ட படத்தின் மேல் மட்டும் அதை ஒட்டாதீர்கள், அவ்வளவுதான்.

"சொந்த விஷயம்னா எதுக்குப் பொதுவுல போடறீங்க, போட்டா கேக்கத்தானே செய்வாங்க" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். நாலு பேர் படிக்க வேண்டும் என்றுதான் போடுகிறேன், இல்லையென்றால் நோட்டிலேயே கிடக்கட்டும் என்று விட்டிருப்பேன். படித்தவர்களுக்கு நன்றாக இல்லை என்று சொல்ல முழு உரிமை உண்டு, "இதே அழுகைதானா, தக்காளி விலையைப் பற்றி எழுதேன்" என்று சொல்லவும் உரிமை உண்டு (எழுதியிருக்கிறேன், ஒன்பது லைக்). நான் பொதுவில் வைத்தது அந்த எட்டு வரிகளைத்தான். அதற்குள் எனக்கு நடந்தது இருக்கிறது, என் தோழிக்கு நடந்தது இருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் நின்றபோது காதில் விழுந்தது இருக்கிறது. எது எங்கே முடிகிறது என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னால் அது மட்டும் நடக்காது.

சரி, என்னதான் எழுதச் சொல்கிறாய் என்பீர்கள். இந்தக் கவிதைக்கே வந்ததைச் சொல்கிறேன். சேலம்-பெங்களூர் தடத்தில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் எழுதினார்: "அம்மா, சில்லறை இல்லேன்னா டிக்கெட் பின்னாடி பாக்கியை எழுதிக் குடுத்துருவோம், இறங்கும்போது கேட்டு வாங்கிக்கணும். பஸ் ஸ்டாண்டுல யாரையாச்சும் விட்டுட்டு ஏறுறவங்க நெறைய பேரு அதைக் கேக்காமயே இறங்கிடுவாங்க. மூஞ்சியைப் பாத்தாலே எங்களுக்குத் தெரியும்." நானும் அப்படி டிக்கெட் வாங்கியிருக்கிறேன், பின்னால் பேனாவில் கோணல்மாணலாக எழுதிய அந்த எண்ணைப் பார்த்திருக்கிறேன். அதைக் கேட்காமல் இறங்கிப் போகிறவர்களை அவர் இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு எங்கிருந்து தெரியும்? என் கவிதையில் இல்லாத ஒன்றைக் கொண்டுவந்து அதன் பக்கத்தில் வைத்துவிட்டார். யாரு என்று அவர் கேட்கவே இல்லை. "அந்த மிச்சக் காசை என்னங்கய்யா பண்ணுவீங்க?" என்று நான்தான் கேட்டேன். சிரிக்கிற பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினார்.

இன்னொன்று, காவேரிப்பட்டணத்தில் இருந்து ஒரு பெண் எழுதியது. மாம்பழ சீசனில் கூழ் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறவள், நானும் எழுதுவேன் அக்கா என்று சொல்லியிருக்கிறாள், இதுவரை எதையும் காட்டவில்லை. "அக்கா, 'பேச நேரம் இருந்தது' லைன் வேணாம். பத்து நிமிஷம் நின்னுச்சுன்னாலே தெரியுதே" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. அந்த வரிக்காகத்தான் மற்ற வரிகளையே எழுதினேன். எடுத்துவிட்டால் பஸ் லேட்டாகக் கிளம்பியது என்று போக்குவரத்துக் கழகத்துக்குப் போட்ட புகார் மாதிரி ஆகிவிடும் என்று பதில் போட்டேன். "அப்படி நினைக்கறவங்க நினைச்சுட்டுப் போகட்டுமே, பிரிஞ்சவங்களுக்குப் புரியும்" என்றாள். விடாமல் பேசினோம், பையனுக்கு வைத்த பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அந்த வரி இல்லாமல் படித்தால் பேசாமல் நின்றது யார் தப்பு என்பது தெரியாமல் போகிறது, அது நல்லதா கெட்டதா என்பதில்தான் எங்கள் இருவருக்கும் ஒத்துவரவில்லை. இப்போதைக்கு நோட்டில் அந்த வரியைச் சுற்றி பென்சிலால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன். நீங்களும் ஒருமுறை அதை விட்டுவிட்டுப் படித்துப் பாருங்கள். இருக்கட்டுமா, எடுத்துவிடட்டுமா?