ஹப் ரப்பர் புஷ்ஷை எரித்து எடுக்காதீர்கள்

பழைய ஹோண்டா சிபி350 பைக்கின் பின் ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) இருக்கும் ரப்பர் புஷ்ஷை (உள்ளும் வெளியும் இரும்புக் குழாய் கொண்ட ரப்பர் வளையம்) எடுக்க, "கேஸ் டார்ச்சால் ரப்பரை எரித்துவிடுங்கள், மிச்சம் மணல் பிளாஸ்டிங்கில் (மணலை வேகமாகப் பீய்ச்சிச் சுத்தம் செய்வது) போய்விடும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்த ஹப்புக்கு இது ஆபத்தான யோசனை, தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஹப் அலுமினிய வார்ப்பு. அலுமினியம் 660 டிகிரியில் உருகும், ஆனால் அதற்கு வெகு முன்பே பலம் இழக்கும்; சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. எரியும் ரப்பர் புகையும் நச்சு. அப்புறம் பிளாஸ்டிங் மணல் ரப்பரில் பட்டுத் தெறிக்குமே தவிர அதை அரிக்காது.

சரியான வழி: புஷ்ஷின் உள் குழாயைச் சுற்றி ரப்பரில் சிறு துளைகள் போட்டு, குழாயைத் திருகி வெளியே எடுங்கள். பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஹப்போடு ஒட்டி இன்னொரு இரும்புக் குழாய் இருக்கும், அதுவும் வர வேண்டும். பின்பக்கம் மூடிய துளை என்றால் தட்டித் தள்ள வழியில்லை. ஹேக்சா பிளேடால் குழாயில் மட்டும் நீளவாக்கில் கீறி (அவசரப்பட்டால் ஹப்பும் அறுபடும்), உளியால் உள்பக்கம் மடியுங்கள். பேரிங்குகளை முன்பே கழற்றிவிட்டு, ஹப்பை ஓவனில் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் இன்னும் சுலபம். அலுமினியம் இரும்பைவிடக் கிட்டத்தட்ட இரு மடங்கு விரிவதால் பிடி தளரும்.

பவுடர் கோட்டிங் (பொடி வண்ணப்பூச்சு) எல்லாம் இதற்குப் பிறகுதான்.