வண்டி சாலையோடு நிற்கட்டும்

மோட்டார் சைக்கிளில் தீவுகளுக்குப் போய்க் கூடாரமடித்துத் தங்குகிறவர்கள் எல்லோரும் எடுக்க விரும்பும் படம் ஒன்று உண்டு: பச்சைப் புல்வெளி, நடுவே கூடாரம், அதை ஒட்டி நிற்கும் வண்டி, பின்னால் கடல். கடந்த ஜூன் மாதம் நண்பர்கள் நாங்கள் நால்வர் ஸ்காட்லாந்தின் மேற்கே அட்லாண்டிக் கடலில் இருக்கும் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குப் போனபோது, நானும் அந்தப் படத்துக்கு ஆசைப்பட்டுத்தான் போனேன். அந்தத் தீவுகளில் அப்படியொரு படத்தை இனி யாரும் எடுக்கக் கூடாது என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

ஓபன் துறைமுகத்தில் கப்பலேறினால் ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் பாரா தீவில் இறங்கலாம். தெற்கே வாட்டர்சேயில் தொடங்கி லூயிஸின் வடமுனைக் கலங்கரை விளக்கம் வரை 10 தீவுகள். கடலின் குறுக்கே கல் கொட்டி எழுப்பிய 6 இணைப்புச் சாலைகளும் இடையில் 2 கப்பல் பயணங்களும் அவற்றை ஒன்றாகக் கோக்கின்றன. மொத்தத் தொலைவு 300 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவுதான். பெரும்பாலும் ஒற்றை வண்டி போகும் அகலமே உள்ள சாலை. எதிரே யாராவது வந்தால் ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட்டு, கையை உயர்த்தி நன்றி சொல்லிக்கொண்டு போக வேண்டும். நாங்கள் ஆறு நாள் எடுத்துக்கொண்டோம்.

இந்தத் தீவுகளின் மேற்குக் கரை நெடுகிலும் 'மாகர்' என்று கேலிக் மொழியில் அழைக்கப்படும் தாழ்ந்த புல்நிலம் கிடக்கிறது. நொறுங்கிய சிப்பித் துகள்களைக் கடற்காற்று பல்லாயிரம் ஆண்டுகளாக உள்நோக்கி வீசி வீசி உருவாக்கிய நிலம் அது. அயர்லாந்தின் மேற்குக் கரையையும் ஸ்காட்லாந்தின் வடக்கு, மேற்குக் கரைகளையும் தவிர உலகில் வேறெங்கும் இல்லை. மண் பார்ப்பதற்கு நெய்தல், பயன்பாட்டில் மருதம். கரையொதுங்கும் கடற்பாசியை உரமாகப் பரப்பி, சிறு ஓட்ஸையும் கம்புப்புல் போன்ற ரை தானியத்தையும் விதைத்து, பிறகு நிலத்தைத் தரிசாக விட்டு, மாடுகளை மேயவிட்டு, மறுபடி உழுகிறார்கள். அந்தச் சுழற்சியால்தான் கோடையில் அங்கே அத்தனை பூக்கள் பூக்கின்றன; ஆள்காட்டியும் உள்ளானும் தரையிலேயே முட்டையிடுகின்றன. சாலையிலிருந்து பார்க்கிறவனுக்கு இவை எதுவும் தெரிவதில்லை; கூடாரம் அடிக்க வாகான வெறும் புல்தரை என்றுதான் தோன்றும்.

எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. சவுத் யூயிஸ்ட் தீவில் இரண்டாம் நாள் மாலை, பக்கப் பெட்டிகள் முழுக்கச் சுமையுடன், ஓட்டுநரோடு சேர்த்து 350 கிலோவைத் தாண்டக்கூடிய வண்டியை நண்பர் ஒருவர் புல்மேல் இறக்கினார், நாங்கள் தடுக்கவில்லை. பத்து மீட்டர் போவதற்குள் பின்சக்கரம் புதைந்தது, அவர் முறுக்கினார், சக்கரம் சுழன்றது. வண்டியை மூவரும் சேர்ந்து இழுத்தெடுத்த பிறகு நான் குனிந்து பார்த்தேன். ஒரு கை நீளத்துக்குப் புல்தோல் பாயைச் சுருட்டியதுபோல் கிழிந்து கிடந்தது. வேர்ப்படலத்தின் தடிமன் என் நான்கு விரல் அகலம்கூட இல்லை. அதற்குக் கீழே வெண்மணல், சுத்தமான மணல், ஊதினால் பறக்கும் மணல்.

சற்று நேரத்தில் அந்த நிலத்தில் பயிர் செய்யும் முதியவர் ஒருவர் வந்தார். அவர் எங்களைத் திட்டவில்லை. முழந்தாளிட்டு, கிழிந்த புல்தோலை எடுத்துப் பழைய இடத்தில் பொருத்தி, காலணியின் குதிகாலால் ஓரங்களை அழுத்தினார். குளிர்காலத்துப் புயலுக்கு முன்னால் இது வேர் பிடித்துவிட்டால் தப்பித்தது, இல்லையென்றால் காற்று இந்த வாயைப் பெரிதாக்கிக்கொண்டே போகும் என்று மட்டும் சொன்னார். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வெட்கமாக இருந்திருக்காது.

'ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் கூடாரம் அடிக்கலாம், சட்டமே அனுமதிக்கிறது' என்று வண்டி ஓட்டுகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறோம், பாதிதான் உண்மை. 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடப்பவருக்கும் மிதிவண்டியில் செல்பவருக்கும் குதிரையில் செல்பவருக்கும் தந்த உரிமை அது. சிறு குழுவாக, ஓரிடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேற்படாமல் தங்கவும் இடம் தருகிறது. மோட்டார் வண்டிக்கு அந்த உரிமை இல்லை. 1988ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி அனுமதியின்றிச் சாலையை விட்டு வண்டியை இறக்குவதே குற்றம். நிறுத்துவதற்காக மட்டும் சாலையிலிருந்து 15 கெஜம் வரை விலக்கு உண்டு, அதுவும் நில உரிமையாளர் தந்த அனுமதி ஆகிவிடாது. உரிமை நம் கால்களுக்குத்தானே தவிர, சக்கரங்களுக்கு இல்லை.

ஆளில்லாத தீவுக்கரை என்பதும் நம் கற்பனைதான். சவுத் யூயிஸ்ட், எரிஸ்கே, பென்பெக்குலா பகுதிகளில் சுமார் 93,000 ஏக்கரை 2006இல் அங்கு வாழும் மக்களே ஒன்றுசேர்ந்து விலைக்கு வாங்கினார்கள். நாம் 'வெறும் கரை' என்று நினைக்கும் இடத்துக்கு உரியவர் அரை மைல் தொலைவில் வீட்டு ஜன்னலருகே உட்கார்ந்திருக்கிறார்.

தொலைதூரத் தீவுகளுக்கு மோட்டார் சைக்கிளில் போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தச் சாலைகளில் காற்றுக்குத் தோள் கொடுத்து ஓட்டிய ஒவ்வொரு மணி நேரமும் எனக்கு வேண்டும். ஆனால் வண்டி தார்ச்சாலையோடு, அல்லது அதற்கென விட்ட சரளை இடத்தோடு நிற்க வேண்டும். கூடாரத்தையும் தூக்கப் பையையும் முதுகில் கட்டி மீதித் தூரத்தை நடக்க வேண்டும். நடக்க முடியாத அளவுக்குச் சுமை இருந்தால், சுமையைத்தான் குறைக்க வேண்டும். மடக்கு நாற்காலிகளையும் இரண்டாவது அடுப்பையும் நாங்கள் அந்த மாலைக்குப் பிறகு பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை.

மறுநாள் நார்த் யூயிஸ்டில் வண்டிகளைச் சாலையோரம் நிறுத்திவிட்டு, முதலில் தென்பட்ட வீட்டுக் கதவைத் தட்டினோம். வெளியே வந்த அம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டே எங்களோடு கல்சுவர் வரை நடந்து வந்து, சுவருக்கு இந்தப் பக்கம் தங்கிக்கொள்ளுங்கள், அந்த மஞ்சள் ஐரிஸ் புதர்ப் பக்கம் மட்டும் வேண்டாம், அங்கே கார்ன்கிரேக் இருக்கிறது என்றார். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இங்கே வந்து கூடு கட்டும் பறவை அது. இரண்டு நடையாகச் சாமான்களைச் சுமந்து போய்க் கூடாரம் அடித்தபோது மணி பத்து, இன்னும் வெயில் இருந்தது. இருட்டிய பிறகு புதருக்குள்ளிருந்து, சீப்பின் பற்களை நகத்தால் கீறுவதுபோல், கிரெக்ஸ் கிரெக்ஸ் என்று அது கூப்பிடத் தொடங்கியது. விடியும்வரை நிறுத்தவே இல்லை. நாங்கள் நால்வரும் தூங்காமல் கேட்டுக்கொண்டு படுத்திருந்தோம்.