மரம் மாதிரி

போன வருஷம் வீட்டுக்கு இன்டீரியர் செய்தோம். டிவி சுவர், வார்ட்ரோப், கிச்சன் கப்போர்டு எல்லாமே தேக்கு நிறம். வந்தவர்கள் எல்லாரும் "அடடா, மர வீடு மாதிரியே இருக்கே" என்றார்கள். அந்த "மாதிரி"தான் விஷயமே. உள்ளே எம்டிஎஃப் பலகை, மேலே தேக்கு ரேகை அச்சடித்த காகிதத்தைப் பிசினில் தோய்த்து அழுத்திய மைக்கா. மரம் என்று அதில் இருப்பது அரைத்த நார்தான்.

முதல் சில வாரம் வார்ட்ரோபைத் திறந்தாலே கண் எரியும். "புது வாசனை சார், போயிடும்" என்றார் வேலை எடுத்தவர். பலகையைப் பிணைக்கிற யூரியா ஃபார்மால்டிஹைடு பசையிலிருந்து கசிகிற வாயு அது. ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் தரக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004லேயே வகைப்படுத்திவிட்டது. அலற வேண்டியதில்லை, எவ்வளவு கசிகிறது என்பதுதான் கணக்கு. ஜன்னலைத் திறந்து வைக்கணும், வாங்கும்போதே இ-0வா இ-1ஆ என்று கேட்டுவிடணும் (வாயுக் கசிவைக் குறிக்கிற தரம் அது, இ-0வில் கசிவு குறைவு). நான் லேட்டாகக் கேட்டேன். "ஏ கிளாஸ் சார்" என்று பதில் வந்தது!

அப்புறம் ஊரிலிருந்து அப்பா வந்தார். புது சோஃபாவில் பத்து நிமிஷம்கூட உட்காரவில்லை. பால்கனியில் நாங்கள் ஒதுக்கிப் போட்டிருந்த தாத்தா காலத்து பெஞ்சுதான் அவருக்கு. பேப்பர் படிக்கும்போது இடது கை தானாகவே பெஞ்சின் ஓரத்தைத் தடவிக்கொண்டிருக்கும். அந்த இடம் மட்டும் தேய்ந்து, உள்ளங்கை அளவுக்கு வழவழவென்று குழிந்திருக்கிறது.

2017ல் ஜப்பானின் சிபா பல்கலைக்கழகத்தில் 18 மாணவிகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஓக் மரம், பளிங்கு, டைல், எவர்சில்வர் இவற்றில் 90 நொடி கை வைக்கச் சொன்னார்கள். மரத்தைத் தொட்டபோது மூளையின் முன்பகுதி அடங்கியது, உடம்பை ஓய்வுக்குக் கொண்டுபோகிற நரம்புகள் கூடுதலாக வேலை செய்தன. பூச்சு போட்ட மரத்தைவிடப் பூசாத மரத்துக்கே இந்தக் குணம் அதிகம் என்றும் அதே குழு பார்த்திருக்கிறது. 18 பேரை வைத்து உலகத்துக்கே தீர்ப்பு எழுத முடியாதுதான். ஆனால் கண்ணை மூடச் சொன்னார்கள் பாருங்கள், அது எனக்குப் பிடித்தது. என் வீட்டு மைக்கா அந்தப் பரீட்சையில் அங்கேயே ஃபெயில்.

மரம் கைக்கு இதமாக இருப்பதற்குக் காரணம் ரொம்ப சாதாரணம். எவர்சில்வர் மரத்தைவிட ஏறக்குறைய 100 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். ஏசி அறையில் கையிலிருக்கிற சூட்டை உறிஞ்சிக்கொள்ளும். சித்திரை வெயிலில் அதே வேகத்தில் கையைச் சுடும். எங்கள் பால்கனி கைப்பிடியை மத்தியானம் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பக்கத்திலேயே கிடக்கிற பெஞ்ச் அப்படிச் சுடாது.

இதைப் படித்துவிட்டு தரைக்கும் மரம் போடக் கிளம்பிவிடாதீர்கள். நம்ம ஊர் வெயிலுக்குக் கால் தேடுவது குளிர்ச்சியை. குமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போய்ப் பாருங்கள். தூண், கூரை, காற்றைச் சலித்து அனுப்புகிற சாளரச் சட்டம் எல்லாம் மரம். தரை மட்டும் கண்ணாடி மாதிரி பளபளக்கும் கருப்புப் பூச்சு. செட்டிநாட்டு வீடுகளிலும் பர்மா தேக்குத் தூணுக்குக் கீழே ஆத்தங்குடிக் கல்தான். (பர்மா தேக்கு யாருக்குக் கட்டுப்படியானது என்பது வேறு கதை. மற்ற வீடுகளில் பனஞ்சட்டம்தான்.) கை படுகிற இடத்தில் மரம், கால் படுகிற இடத்தில் கல். நாம் இப்போது கண் படுகிற இடத்துக்கு மட்டும் மரத்தின் போட்டோவை ஒட்டுகிறோம். அதற்கு லட்சக்கணக்கில் கொடுத்தவன் என்கிற உரிமையில் சொல்கிறேன்.

பெஞ்சை ஹாலுக்குள் கொண்டுவந்துவிட்டேன். ஒரு கால் ஆடியது, ஆசாரியைக் கூப்பிட்டேன். ஆப்பு வைத்து இறுக்கிவிட்டு, ஓரத்தில் இருந்த குழியைப் பார்த்தார். "சார், மேல ஒரு மைக்கா ஒட்டிட்டா புதுசு மாதிரி ஆயிடும்."

அப்பா பேப்பரிலிருந்து நிமிராமலே சொன்னார்: "வேணாம்ப்பா, வழுக்கும்."