வெயில் பட்டால் சாம்பலாகுமாம், யார் சொன்னது?

புதிதாக ஒரு வாம்பயர், அதாவது ரத்தம் குடிக்கும் காட்டேரி, நாவலோ வெப் சீரிஸோ வந்தால் போதும், "அசல் டிராகுலா மரபில்" என்று ஒரு வரியை ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே போனால் மூன்றாவது அத்தியாயத்துக்குள் தாடி வைத்த பேராசிரியர் ஒருவர் வந்து வகுப்பெடுப்பார். வெயில் பட்டால் எரிந்துவிடும், நெஞ்சில் ஆப்பு அடித்தால் சாகும், கண்ணாடியில் தெரியாது, அழைக்காமல் வீட்டுக்குள் வராது. எந்த மரபு ஐயா இது? பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட நாவலை முழுதாகப் படித்தவர் எவரும் இந்தப் பட்டியலை அப்படியே ஒப்பிக்க மாட்டார்.

அந்த நாவலில் டிராகுலா பட்டப்பகலில் லண்டன் பிக்காடில்லியில் நின்றுகொண்டு ஓர் அழகான பெண்ணை வெறித்துப் பார்க்கிறான். அவனுடைய கோட்டையிலிருந்து தப்பி வந்த இளம் வக்கீல் ஜொனாதன் ஹார்க்கர் அதைக் கண்டு வெலவெலத்துப் போகிறான். பகலில் டிராகுலாவின் சக்திதான் அடங்கும், உயிர் போகாது. கடைசியில் சாவதும் வெயிலால் இல்லை. சூரியன் மறைகிற நேரம், ஹார்க்கரின் கத்தி கழுத்தை அறுக்கிறது, அவன் கூட்டாளி குவின்சி மாரிஸின் வேட்டைக்கத்தி நெஞ்சில் இறங்குகிறது. ஆப்பும் இல்லை, சுத்தியலும் இல்லை.

வெயிலில் சாகிற விதி 1922இல் ஜெர்மன் இயக்குநர் முர்னாவ் எடுத்த நாஸ்ஃபெராட்டு படத்தில் வந்தது. அதுவே அனுமதி வாங்காமல் சுட்ட கதை. டிராகுலாவுக்கு ஆர்லாக் என்று பெயர் மாற்றினார்கள். ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளோரன்ஸ் வழக்குப் போட்டார். பிரதிகளையெல்லாம் அழிக்கச் சொல்லி 1925இல் ஜெர்மனியில் தீர்ப்பு வந்தது, சில பிரதிகள் தப்பின. இன்று எல்லோரும் ஆதி விதி என்று சத்தியம் செய்வது திருட்டுப் படத்தில் பிறந்த விதியை! அதற்காக முர்னாவை நான் திட்ட மாட்டேன். அவருக்கு அந்த விதி தேவைப்பட்டது. சேவல் கூவும்வரை ஒருத்தி தன்னையே கொடுத்து அவனைப் பிடித்து வைக்கிறாள் என்பதுதான் அங்கே முடிவு. விடியல் கொல்லாவிட்டால் அந்தத் தியாகத்துக்கு அர்த்தமே கிடையாது.

கதை சுடுவதில் எனக்குப் புகார் இல்லை. ஸ்டோக்கரும் வெறுங்கையோடு வரவில்லை. ரத்தம் குடிக்கும் பிரபு 1819இலேயே பாலிடோரி கதையில் வந்தாயிற்று. லெ ஃபானுவின் காட்டேரிக் கதை கார்மில்லா 1872இல் புத்தகமானது, அதன் களம் ஆஸ்திரியாவின் ஸ்டிரியா. ஸ்டோக்கரின் ஆரம்பக் குறிப்புகளிலும் களம் ஸ்டிரியாதான், பிறகுதான் டிரான்சில்வேனியாவுக்கு நகர்ந்தது. ஆனால் அந்தப் பழைய பேயை எடுத்து எதன் நடுவில் இறக்கினார் என்று பாருங்கள். டைப்ரைட்டர், குரல் பதியும் ஃபோனோகிராஃப், ரயில் அட்டவணை, தந்தி, வீட்டுப் பத்திரம் எழுதும் வக்கீல். முன்னோர் யாரும் செய்யாத வேலை அது.

அதில் எந்திரமாக ஓடுவது மண் பெட்டி. டிராகுலா தன் ஊர் மண்ணில்தான் படுக்க வேண்டும், அதனால் 50 பெட்டிகளைக் கப்பலில் கொண்டுவருகிறான். லண்டனில் அவன் வாங்கிய கார்ஃபாக்ஸ் வீட்டில் 29, மைல் எண்டில் 6, பெர்மான்ட்சியில் 6, பிக்காடில்லியில் 9. வண்டிக்காரர்களை விசாரித்து, ரசீதுகளைப் புரட்டி, அவன் படுக்க முடியாதபடி ஒவ்வொரு பெட்டியாகக் கெடுத்துக்கொண்டே வருகிறார்கள் ஹார்க்கரும் கூட்டாளிகளும். பிக்காடில்லியில் எட்டுதான் கிடைக்கிறது. அந்த ஒற்றைப் பெட்டிதான் மீதிக் கதை. வில்லனுக்குப் பலவீனம், நாயகர்களுக்கு வேலை, வாசகனுக்குக் கணக்கு, மூன்றும் ஒரே விதியில். இன்றைய ஆட்கள் முதலில் தூக்கிப் போடுவது இதைத்தான், போரடிக்குமாம். பெட்டி போனதும் துரத்துவதற்கு ஒன்றும் மிஞ்சாது. வில்லனை எப்படிக் கொல்வது என்று தெரியாமல் கடைசியில் ஒருத்தர் ஓடிப்போய் ஜன்னல் திரையை இழுப்பார். எத்தனை தடவைதான் அந்தத் திரையை இழுப்பீர்கள்?

காலர் தூக்கிய கறுப்பு அங்கியும் அப்படித்தான். 1924இல் ஹாமில்டன் டீன் போட்ட நாடகத்திலிருந்து வந்தது. நடிகர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார், உயர்ந்த காலர் தலையை மறைக்கும், அதற்குள் மேடையிலுள்ள கதவு வழியே கீழே நழுவிவிடுவார். அது மேடைத் தந்திரம். அதை மாட்டிக்கொண்டு உங்கள் ஆள் காபி ஷாப்பில் உட்கார்ந்திருக்கிறான்.

"நானூறு வருஷமாக உனக்காகக் காத்திருக்கிறேன்" காதலைப் பற்றி என்ன சொல்ல. செத்த மனைவி மறுபிறவி எடுத்து வரும் கதை நாவலில் ஒரு வரிகூடக் கிடையாது. டான் கர்டிஸ் 1974இல் எடுத்த டிராகுலாவில் அது உண்டு. 1992இல் கப்போலா படத்தின் தலைப்பிலேயே பிராம் ஸ்டோக்கர் பெயரைப் போட்டுக்கொண்டு அதே காதலைச் சொன்னார். அன்றிலிருந்து அதுவே அசல் என்று ஆகிவிட்டது. மறுபக்கம், 2024இல் வந்த புதிய நாஸ்ஃபெராட்டுவில் ஆர்லாக்குக்கு அடர்ந்த மீசை வைத்தால் சிரிக்கிறார்கள். மீசை நாவலின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது, உள்ளங்கையில் மயிரோடு சேர்த்து.

ஊரே கேலி செய்யும் ட்வைலைட் நாவலை நான் இந்த விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2005இல் ஸ்டெஃபனி மேயர் காட்டேரியைப் பகலில் பள்ளிக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வெயிலில் மினுமினுக்கும், சாகாது என்று விதியை மாற்றினார். மினுமினுத்தால் மாட்டிக்கொள்ளும் என்பதால் மழையும் மேகமும் ஓயாத ஃபோர்க்ஸ் என்ற அமெரிக்க ஊரைக் களமாக வைத்தார். விதிக்கும் ஊருக்கும் முடிச்சு இருக்கிறது. பின்னால் வந்த கூட்டம் முறைத்துப் பார்க்கும் அழகனை மட்டும் எடுத்துக்கொண்டு, ஊரை விட்டுவிட்டது.

ஆப்பு விஷயத்தில் இன்னும் கொடுமை. நாவலில் காட்டேரியாகிவிட்ட லூசியைக் கொல்ல ஸ்டோக்கர் சொல்லும் ஆப்பு சுமார் 3 அடி நீளம், இரண்டரை முதல் 3 அங்குல கனம், நுனி நெருப்பில் வாட்டிக் கூராக்கியது. கூடவே நிலக்கரி உடைக்கும் கனத்த சுத்தியல். ஏன்? நெஞ்செலும்பு சும்மா வழிவிடாது. டிவி தொடரில் காட்டேரி வேட்டையாடும் பஃபி கையாலேயே குத்தினாள் என்றால் அவளுக்கு மனிதரை மிஞ்சிய பலம் கதையிலேயே கொடுத்திருக்கிறது. இங்கே கல்லூரி முதலாமாண்டுப் பெண் உடைந்த நாற்காலிக் காலை ஒரே குத்தில் இறக்குகிறாள்!

கடிபட்டவரெல்லாம் காட்டேரி ஆவார் என்பதற்கும் கணக்கு உண்டு. ஒவ்வொன்றும் மாதம் ஒருவரை மாற்றினால் எண்ணிக்கை மாதாமாதம் இரட்டிக்கும். 33ஆவது மாதம் 850 கோடியைத் தாண்டும், உலகில் அத்தனை ஆளே கிடையாது. எழுத்தாளர் ஆன் ரைஸ் 1976இல் தன் நாவலில் இந்த ஓட்டையை அடைத்தார். சாகும் தறுவாய்வரை உறிஞ்ச வேண்டும், பிறகு தன் ரத்தத்தையே குடிக்கக் கொடுக்க வேண்டும். அதனால் மாற்றுவது விபத்தாக இல்லாமல் முடிவாகிறது. சின்னக் குழந்தையாகவே உறைந்துபோன கிளாடியா "என்னை ஏன் இப்படி ஆக்கினீர்கள்" என்று கேட்க முடிகிறது.

நல்ல காட்டேரி என்றால் ரத்தப் பையாம், அதில் ஸ்ட்ராவாம். தானமாக எடுப்பது ஒரு தடவைக்கு 350 அல்லது 450 மில்லி. பெரும்பாலும் அதைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்துவிடுவார்கள். சிவப்பணுப் பையை 2 முதல் 6 டிகிரியில் வைப்பார்கள், கரைசலைப் பொறுத்து 35 அல்லது 42 நாள் தாங்கும். உறையாமலிருக்க சிட்ரேட் கலந்திருக்கும். ஆக உங்கள் நாயகன் உறிஞ்சுவது சில்லென்ற, கெட்டியான, மருந்து கலந்த அணுக்கள். அவனுக்கு அது போதுமா? காலாவதியான பை ஒத்துக்கொள்ளுமா? தணிக்கையில் பை குறைந்தால் மாட்டுவது யார்? இதிலேயே ஒரு நாவல் கிடக்கிறது, எவரும் தொடுவதில்லை.

கண்ணாடிக்குப் பின்னால் வெள்ளி பூசியிருப்பதால்தான் தெரியாது என்கிறீர்கள். சரி, செல்போன் கேமராவில் எங்கே வெள்ளி? அதில் தெரியுமா, தெரியாதா? ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடைசிவரை அதில் நில்லுங்கள்.

அழைத்தால்தான் உள்ளே வரும் என்பது ஸ்டோக்கரிடமே உண்டு. ஸ்வீடன் எழுத்தாளர் லிண்ட்குவிஸ்ட் 2004இல் தன் நாவலில் அதையே எடுத்து, அழைக்காமல் நுழைந்தால் என்ன ஆகும் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். உடம்பெல்லாம் ரத்தம் கசிகிறது. பழைய விதிக்கு ஒரு விலை வந்துவிட்டது. நீங்களும் கேளுங்கள். வாடகை வீட்டில் அழைக்க வேண்டியது குடியிருப்பவரா, வீட்டுக்காரரா? ஹோட்டல் அறைக்கு யார்? அழைத்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டால் அந்த அழைப்பு செல்லுமா? முதல் அத்தியாயம் எழுதுமுன் இதற்கெல்லாம் ஒரு தாளில் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பொறுமை இல்லையென்றால் அந்த விதியைத் தொடாதீர்கள்.