அமெரிக்கப் பட்டியலும் ஆற்காடு சாலையும்

கார் வாங்கும் எண்ணம் இருப்பதாக வாய் திறந்தால் போதும், அமெரிக்காவில் இருக்கும் உறவினர் எவரேனும் டொயோட்டாவும் லெக்ஸஸும் முன்னணியில் நிற்கும் நம்பகத்தன்மைப் பட்டியல் ஒன்றை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார். அந்தப் பட்டியலில் பொய் ஏதும் இல்லை. கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் போன்ற அமைப்புகள் அங்கே கார் வைத்திருப்பவர்களிடம் கேட்டுத்தான் அதைத் தொகுக்கின்றன. ஆனால், அங்கே ஒரு சின்னத்தோடு விற்கும் வண்டி வேறு, இங்கே அதே சின்னத்தோடு விற்கும் வண்டி பெரும்பாலும் வேறு. 2019இல் இந்தியாவுக்கு வந்த டொயோட்டா கிளான்சா, உள்ளும் புறமும் மாருதி பலேனோதான்; சுஸுகியின் ஆலையில் உருவாகி, முகப்பும் பெயரும் மாறி வருகிறது. நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. அதற்காக டொயோட்டாவின் கேம்ரி கார் அமெரிக்காவில் சம்பாதித்த நற்பெயரை அதன் கணக்கில் வரவு வைக்க முடியாது.

வண்டியின் உள்ளே இருப்பது உண்மையிலேயே ஒன்றாக இருந்தாலும்கூட, ஊர் மாறினால் தீர்ப்பும் மாறும். ஃபோக்ஸ்வாகன் நிறுவனம் தன் தானாகக் கியர் மாற்றும் ‘டிஎஸ்ஜி’ என்ற ஏழு கியர் பெட்டி பொருத்திய சுமார் 16 லட்சம் வண்டிகளை 2013 நவம்பரில் திரும்ப அழைத்து, சிந்தெடிக் ஆயிலை வடித்துவிட்டு மினரல் ஆயில் ஊற்றிக் கொடுக்க முன்வந்தது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில், நின்று நின்று நகரும் நெரிசலில், பழைய ஆயில் மின்கோளாறை உண்டாக்கக்கூடும் என்பதே அப்போது சொல்லப்பட்ட காரணம். மே மாத மாலையில் சென்னையின் கத்திப்பாரா சந்திப்பைக் கடப்பவருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

சொகுசு விஷயத்தில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. ஜெர்மானிய நெடுஞ்சாலையில் 150 கிலோமீட்டர் வேகத்திலும் அசையாமல் செல்வதற்காக இறுக்கி அமைத்த சஸ்பென்ஷன் (சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு), மெட்ரோ பணிக்காகத் தோண்டிய சென்னை ஆற்காடு சாலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊரும்போது ஒவ்வொரு பள்ளத்தையும் முதுகெலும்புக்குத் தெரிவித்துவிடும். மேற்கு ஐரோப்பாவில் ஆடம்பரமற்ற மலிவு வண்டி என்று டாசியா பெயரில் விற்ற டஸ்டர், 2012இல் ஒரகடத்தில் ரெனோ பெயரில் தயாராகி வந்தபோது, மேடுபள்ளம் தெரியாமல் போகிறது என்று இங்கே பாராட்டு வாங்கியது. மேலும், நம் வீடுகளில் பெரியவர்கள் அமர்வது பின் இருக்கையில். அக்னி நட்சத்திர மதியம் ஒரு மணிக்கு வெயிலில் நின்ற வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்து, ஏசி காற்று முழங்காலுக்கு மட்டும் வருகிறதா, முகத்துக்கும் வருகிறதா என்று பார்க்காமல் முன்பணம் கட்டுபவர்களைக் கண்டால் எனக்கு வியப்பாக இருக்கிறது. டெஸ்ட் டிரைவ் என்றாலே ஓட்டிப் பார்ப்பது மட்டும்தான் என்று எவர் சொன்னார்களோ!

உதிரிபாகம் தனிக்கதை. நான் முன்பு வைத்திருந்த ஒரு வண்டியின் பவர் விண்டோ மோட்டார் பழுதானபோது, அதிகாரபூர்வ சர்வீஸ் மையம் வாரக்கணக்கில் ‘வெளியூரிலிருந்து வர வேண்டும் சார்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கடைசியில் பழைய உதிரிபாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில், கழற்றி வைத்திருந்த பழைய மோட்டார் ஒன்று அரை மணி நேரத்தில் கிடைத்தது. அதனால் அடுத்த வண்டிக்குப் பேரம் பேசும் முன், அதன் லோயர் ஆர்ம், லிங்க் ராடு, ஏசி கண்டென்சர் ஆகியவற்றின் விலையையும் இருப்பையும் சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விசாரித்துவிட்டுத்தான் ஷோரூம் படி ஏறுவதாக இருக்கிறேன்.