செயற்கைக் காலை மட்டும் பார்த்தவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமை மேடையில் நடந்ததை நான் மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. காணொளியை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள். பாதிப் பேர் எனக்கே அனுப்பியும் வைத்தீர்கள். மேடையிலிருந்த முன்னாள் ராணுவ ஹவில்தார் ஒருவரின் செயற்கைக் காலைச் சுட்டிக்காட்டி அவ்வளவு நேரம் உருகிய சிறப்பு விருந்தினர், "அதற்குப் பிறகு என்ன வேலை பார்த்தீர்கள்?" என்று ஒரு மாணவி கேட்டதும், பெரியவர் வாய் திறப்பதற்குள் மைக்கை வாங்கிக்கொண்டு, "அப்புறம் என்ன, அரசாங்கம் உட்கார வைத்துச் சோறு போட்டது" என்றார். அரங்கம் சிரித்தது. அந்த மனிதரும் மரியாதைக்குச் சிரித்து வைத்தார்.

"விளையாட்டாகச் சொன்னார், இதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறீர்களே" என்று நேற்றிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். விளையாட்டாகத்தான் சொன்னார், எனக்கும் தெரிகிறது. யோசித்துச் சொல்லியிருந்தால் இன்னும் நாசூக்காகச் சொல்லியிருப்பார். எண்ணம் அதேதான் இருந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். காயம்பட்ட நாளோடு ஒரு வீரரின் சேவை முடிந்துவிடுவதில்லை. பலருக்கு அதற்குப் பிறகுதான் பெரும்பகுதியே இருக்கிறது. குண்டு வெடித்த அந்த ஒரு நொடிக்கு நாம் கைதட்டிவிட்டு, மிச்சமுள்ள வருடங்களைத் தானம் வாங்கிச் சாப்பிட்ட கணக்கில் எழுதிவிடுகிறோம்.

மேஜர் ஜெனரல் இயன் கார்டோசோவை எடுத்துக்கொள்ளுங்கள். கூர்க்கா வீரர்கள் பெயர் வாயில் நுழையாமல் 'கார்தூஸ் சாஹிப்' என்று கூப்பிட்டவர். 1971 போர் மூண்டபோது நம் நீலகிரியில், வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய படைப்பிரிவின் துணைத் தளபதி போரில் இறந்துவிட, அந்த இடத்துக்கு இவரை அனுப்பினார்கள். இன்றைய வங்கதேசத்தில் உள்ள சில்ஹெட்டில் ஹெலிகாப்டரில் போய் இறங்கிச் சண்டை. டாக்கா விழுந்த பிறகு கண்ணிவெடியில் கால் வைத்தார். மருத்துவரிடம் வலி மருந்து இல்லை, அறுக்கக் கருவியும் இல்லை. கூர்க்காக்களின் வளைந்த கத்தியான குக்ரியை வாங்கித் தன் காலைத் தானே வெட்டிக்கொண்டார். பிறகு முறையான அறுவை சிகிச்சை செய்தவர், நம்மிடம் கைதியாக இருந்த ஒரு பாகிஸ்தான் ராணுவ மருத்துவர்.

இதுவரை எல்லோருக்கும் தெரியும். வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு முறை வருகிறது. குக்ரியோடு கதை முடிந்துவிடும், கீழே ஒரு தேசியக்கொடி.

அவர் 1958இல் அதிகாரியானவர், ஓய்வுபெற்றது 1993இல். காலோடு இருந்தது 13 வருடம், கால் போன பிறகு 22 வருடம். எது நீளம் என்று நீங்களே பாருங்கள். மரக்காலோடு படைப்பிரிவுக்குத் தலைமை ஏற்க முடியாது என்றுதான் முதலில் சொன்னார்கள். உடற்தகுதி ஓட்டத்தில் இரண்டு கால் உள்ள அதிகாரிகளை முந்திக் காட்டினார். லடாக்கின் மலையில், பனியில் நடந்தார். அதை நேரில் பார்த்த அன்றைய தரைப்படைத் தலைமைத் தளபதி ஜெனரல் ரெய்னாதான் அனுமதி கொடுத்தார். இந்தியத் தரைப்படையில் காலை இழந்த பிறகு ஒரு காலாட்படை பட்டாலியனுக்கும், பிறகு பல பட்டாலியன்கள் சேர்ந்த ஒரு பிரிகேடுக்கும் தலைமை ஏற்ற முதல் அதிகாரி அவர். ஓய்வுக்குப் பிறகு, மாற்றுத்திறனாளிகளுக்கான இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் தலைவராகவும் இருந்தார். இவரை எந்த அரசாங்கம் எங்கே உட்கார வைத்தது? எழுந்து நிற்க அனுமதி கேட்டே அவர் பல வருடம் போராடியிருக்கிறார்.

"அவர் அதிகாரி, விதிவிலக்கு. சாதாரண ஜவான்கள் ஸ்டோரில் உட்கார்ந்துதானே சம்பளம் வாங்கினார்கள்?" என்று ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருக்கிறார். பெயர் சொல்ல மாட்டேன், அவருக்கே தெரியும்.

என் மாமா சாதாரண ஜவான்தான். மெட்ராஸ் சாப்பர்ஸ், அதாவது ராணுவத்தின் பொறியாளர் படை. 2001 டிசம்பரில் நாடாளுமன்றத் தாக்குதலுக்குப் பிறகு எல்லை நெடுகக் கண்ணிவெடி புதைத்தார்களே, ஆபரேஷன் பராக்ரம், அதில் இருந்தவர். புதைத்ததை மறுபடி எடுக்கும்போது இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. புனேயில் உள்ள ராணுவச் செயற்கை உறுப்பு மையத்தில் கால் பொருத்தினார்கள். மெடிக்கல் கேட்டகிரி, அதாவது உடற்தகுதித் தரம், இறங்கியது. வீட்டுக்கு வந்துவிடு என்று பாட்டி அழுதாள். மாமா வரவில்லை. பெங்களூரில் புதிதாகச் சேரும் பையன்களுக்குக் கண்ணிவெடி தேடக் கற்றுக்கொடுக்கும் வேலைக்குப் போனார்.

சின்ன வயதில் விடுமுறைக்கு அங்கே போவோம். காலையில் அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து கிளம்புவதைப் பார்த்திருக்கிறேன். மழிக்கிற கண்ணாடியைக் கீழே பிடித்து, மிச்சமிருக்கும் காலின் அடிப்பக்கத்தில் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். பவுடர் போடுவார். பிறகு காலுறை. ஒன்று போதுமா இரண்டு வேண்டுமா என்பது அன்றைக்குக் கால் எவ்வளவு வீங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. சுருக்கம் விழுந்தால் கழற்றி மறுபடியும் முதலிலிருந்து. ஒரு சுருக்கம் மதியத்துக்குள் புண்ணாகிவிடும். அதன்மேல் செயற்கைக் காலை மாட்டி, எழுந்து நின்று, தரையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்ப்பார். நான் பள்ளிக்கூடத்துக்குச் சாக்ஸ் போட அழுதுகொண்டிருந்த வயது அது.

மைதானத்தில் அவரே குப்புறப் படுத்துக் காட்டுவாராம். கம்பியைச் செங்குத்தாகக் குத்தாதே, சாய்த்துக் குத்து, பக்கவாட்டில் தட்டுப்பட வேண்டும், மேலே அழுத்தினால் போய்விடும் என்று. செயற்கைக் காலோடு படுப்பதும் எழுவதும் எப்படி என்று யோசித்துப் பாருங்கள். அவரிடம் படித்த ஒருவர் பிற்பாடு எங்கள் வீட்டுக்கு வந்து, வாசலிலேயே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். மாமா திட்டி எழுப்பினார். இதுதான் உட்கார்ந்து சாப்பிட்ட லட்சணம்.

"அப்போது போரே நடக்கவில்லையே, அதெல்லாம் போர்க்காயமா?" இதையும் கேட்டாயிற்று. கார்டோசோ கால் வைத்ததும் டாக்கா விழுந்த பிறகுதான் என்று மேலேயே எழுதியிருக்கிறேன். சண்டை நிறுத்தம் அறிவித்த செய்தி மண்ணுக்குள் இருக்கும் வெடிக்குப் போய்ச் சேர்வதில்லை. இதற்கு மேல் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

பொதுமக்கள் ஒருபுறம் இருக்கட்டும், அரசாங்கக் கோப்புகளும் இப்படித்தான் நினைத்திருக்கின்றன. ஊன ஓய்வூதியக் கணக்கில், ஊனத்தின் அளவு 50 சதவீதத்துக்குக் குறைவானால் அதை 50 ஆகவும், அதற்கு மேல் 75 வரை உள்ளதை 75 ஆகவும் உயர்த்திக் கொடுக்கும் சலுகை, முன்பு ஊனத்தால் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களுக்கு மட்டும். வலியோடு பணிக்காலத்தை முடித்தவருக்குக் கிடையாது. 2014 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கும் உண்டு என்றது. 2019 ஜூனில் வருமான வரிச் சுற்றறிக்கை ஒன்று வந்தது. ஊன ஓய்வூதியத்துக்கான வரிவிலக்கு, ஊனத்தால் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டவர்களுக்கு மட்டும். முழுக் காலம் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களுக்கு இல்லை என்று. அதுவும் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதாவது காயத்தோடு போய்விட்டால் பாவம், காயத்தோடு உழைத்தால், "நன்றாகத்தானே இருக்கிறாய்?"

"போலியாக ஊனச் சதவீதம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்களே?" இருக்கலாம். பிடியுங்கள், விசாரியுங்கள். அதற்கு ஒரு பெரியவரின் கையிலிருந்த மைக்கைப் பிடுங்க வேண்டுமா?

உண்மையைச் சொன்னால் அந்த விருந்தினர்மேல் எனக்கு அவ்வளவு கோபம்கூட இல்லை. அவர் யாரோ. எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் நடப்பதுதான் எனக்கு எரிகிறது. ஒரு காவல்துறை அதிகாரி வந்தால் என்ன பதவி, எந்த ஊர் என்று கேட்கிறவர்கள், மாமாவைக் கண்டால் "கால் போனதற்குத் தனியாக எவ்வளவு வருகிறது?" என்று கேட்கிறார்கள். கூடப் பிறந்தவர்களே கேட்டிருக்கிறார்கள். கேட்டுவிட்டு, "உனக்கென்ன, ராஜா மாதிரி" என்று முதுகில் தட்டுவார்கள். பந்தியில் தனி நாற்காலி போட்டு ஓரமாக உட்கார வைப்பார்கள். அவர் என்ன கற்றுக்கொடுத்தார், எந்த யூனிட், எங்கெல்லாம் இருந்தார் என்று ஒருவராவது கேட்டு நான் பார்த்ததில்லை. மேடையில் அந்த மாணவி கேட்டாள். பதில் வரவிடவில்லை.

மாமா முகநூலில் இருக்கிறார், இதையும் படிப்பார், என்னைத் திட்டுவார். பரவாயில்லை. கீழே 'ஜெய்ஹிந்த்' மட்டும் போட்டுவிட்டுப் போகிறவர்கள் போங்கள். ஆனால் கருத்துப் பெட்டியில் வந்து ஓய்வூதியத் தொகை எவ்வளவு என்று கேட்பவர்களை நீக்கிவிடுவேன். சொந்தக்காரர்களுக்கும் இதேதான்.